மழுங்கல் உரிமம்

மடக்குக்கத்தி ஒரு தேசியப் பிரச்சினை என்பது, அமைச்சரின் கட்டைவிரல் அறுபடும்வரை யாருக்கும் தெரியாமலே இருந்தது.

ஏதோ ஒரு விழாவில் அவருக்குப் பரிசுப் பெட்டி ஒன்றைத் தந்தார்கள். அதைப் பிரிக்க ஒரு மடக்குக்கத்தியையும் கையில் கொடுத்தார்கள். கத்தியை விரித்தவர் அமைச்சர். மடக்கியவரும் அமைச்சர். நடுவில் விரலை வைத்தவரும் அவரேதான். குற்றவாளி மட்டும் கத்தி. விரலுக்கு மூன்று தையல் போட்டார்கள். மூன்றே வாரத்தில் மடக்குக்கத்தி முறைப்படுத்தல் ஆணையம் வந்துவிட்டது, கட்டடம், கார், பியூன், கொடிக்கம்பம் சகிதமாக.

சட்டத்தில் சிக்கல் எதுவும் இல்லை. மடங்கி விரியும் கத்தி வைத்திருப்பவர் ஆணையத்தில் உரிமம் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருடம் உள்ளே இருக்க வேண்டும். மடங்காத கத்திகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஏன் என்று ஒரு நிருபர் கேட்டதற்கு ஆணையத் தலைவர் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக விளக்கினார்.

"அரிவாளைப் பாருங்க. அரிவாள்னு பார்த்ததுமே தெரியுது. வெட்டுக்கத்தியும் அப்படித்தான், ஒளிவு மறைவு இல்லாத பொருள். மடக்குக்கத்தி என்ன பண்ணுது? பாக்கெட்டுல கிடக்கும்போது சாது மாதிரி நடிக்குது. கூர்மை எங்களுக்குப் பிரச்சினையே இல்லீங்க. அந்த நடிப்பைத்தான் நாங்க எதிர்க்கிறோம்."

அந்த மாதம் ஊரில் அரிவாளால் வெட்டுப்பட்டுப் பதினோரு பேர் செத்தார்கள். அந்த வெட்டுகளில் நடிப்பு எதுவும் இல்லாததால் ஆணையம் தலையிடவில்லை.

இந்த நடிப்புக்காரக் கத்தி ஒன்றை நாடாவில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டுதான் அக்கா தங்கை இருவரில் மூத்தவள் பதினாறு வருடமாகப் பிழைத்தாள். பழந்துணிக் கிடங்கில் வேலை. யார் யாரோ போட்டுக் கழித்த சட்டையும் கால்சட்டையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பட்டனையும் ஜிப்பையும் அறுத்தெடுத்துவிட்டு மிச்சத்தை ஓடும் பெல்ட்டில் போட வேண்டும். பெல்ட் அதைக் கிழிப்பு மெஷினின் வாய்க்குக் கொண்டுபோகும். மெஷின் பஞ்சுபஞ்சாகக் கிழித்து மறுபக்கம் துப்பும். இடது கையில் துணி இருப்பதால் கத்தியை வலது கையே கவனித்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலால் தள்ளினால் விரியும், தொடையில் வைத்து அழுத்தினால் மடங்கும். ஒரு நாளைக்கு எண்ணூறு உருப்படி.

கத்திக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெல்ட்டில் போகிற நீளமான சட்டைக்கை ஏதாவது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால் துணியோடு ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பெல்ட்டை நிறுத்துகிற சுவிட்ச் முதலாளியின் கண்ணாடி அறைக்குள் இருந்தது. வெளியே இருந்தபோது இவர்கள் அதை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார்கள் என்பதால் அவர் அதை உள்ளே மாற்றிக்கொண்டார். ஆகவே, மாட்டிக்கொண்டவளின் தோலுக்கும் துணிக்கும் நடுவில் கத்தி முனையை நுழைத்து வெளிப்பக்கமாக ஒரு இழு. அவ்வளவுதான், கை மிஞ்சும். பக்கத்தில் நின்று வேலை பார்த்த தங்கையை மூத்தவள் இப்படி இரண்டு தடவை மீட்டிருக்கிறாள். இரண்டாம் தடவை மீட்ட கையோடு முதுகில் ஒன்று வைத்தாள்.

சட்டம் வந்த பத்தாம் நாள் கிடங்குக்குள் போலீஸ் நுழைந்தது. அதிகாரி ஒரே மூச்சில் இரண்டு உத்தரவு போட்டார்.

"கத்தியக் கீழ போடு. ஒருத்தரும் கைய அசைக்கக் கூடாது."

முதல் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள் கையை அசைத்ததற்காக அடி வாங்கினார்கள். இரண்டாவதுக்குக் கீழ்ப்படிந்தவர்கள் கத்தியைப் போடாததற்காக அடி வாங்கினார்கள். ஜிப் அறுப்பதில் கைதேர்ந்தவர் என்பதால் ஜிப்பு மாமா என்று பெயர் வாங்கியிருந்தவர், இரண்டுக்குமே கீழ்ப்படிந்துவிடலாம் என்று இம்மி இம்மியாகக் குனிந்தார். அவருக்குத்தான் அதிகம் விழுந்தது. அவர் விலாவில் பட்டு ஒரு லத்தி பிளந்துபோனதை அரசாங்கச் சொத்துக்குச் சேதம் என்று எழுதிக்கொண்டார்கள். தங்கைக்குப் புருவத்தில் நான்கு தையல். துணிக்குவியலில் இரண்டு பற்கள் கிடந்தன. வாயைத் திறந்து காட்ட யாருக்கும் தெம்பில்லாததால் யாருடையவை என்று கடைசிவரை தெரியவில்லை.

எல்லாம் முடிந்தபின் அதிகாரி ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"உங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. வன்முறைய ஒழிக்கத்தான் வந்தோம். கத்திய எடுத்துக்குங்க. பதினஞ்சு நாள்ல உரிமம் வாங்கிடணும்."

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "கேட்டுக்குங்க. லைசென்ஸ் இல்லாம ஒருத்தரும் கேட்டுக்குள்ள வரக் கூடாது. கத்தி இல்லாமலும் வரக் கூடாது."

அக்காவுக்கும் தங்கைக்கும் வேறு வேலை தெரியாது, வேறு ஆளும் கிடையாது. உரிமம் கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் எங்கெல்லாம் நம்பிக்கை தென்பட்டதோ அங்கெல்லாம் போனார்கள்.

முதலில் தென்பட்டது மடக்குக்கத்தி உரிமையாளர் பேரவை. ஒரு வாடகை மண்டபத்தில் எதிர்ப்புக் கூட்டம். பேரவைத் தலைவரிடம் முந்நூறு மடக்குக்கத்திகள் இருந்தன. எல்லாம் வெல்வெட் இழுப்பறையில் தூங்கின. ஒன்றுகூட ஒரு பென்சிலைச் சீவியதில்லை.

"நம்ம கத்தி நம்ம மானம்," என்று அவர் ஒலிபெருக்கியில் முழங்கினார். "இந்தச் சட்டத்த எதிர்த்துக் கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கிற வரைக்கும் போராடுவோம்."

விலாவில் கட்டோடு வந்திருந்த ஜிப்பு மாமா எழுந்து நின்றார். "ஐயா, யாரோட ரத்தம்னு இப்பவே சொல்லிட்டா நல்லா இருக்கும். எங்களுது ஏற்கெனவே கொஞ்சம் போயிருச்சு."

அவரை உட்காரச் சொன்னார்கள். அடுத்துப் பேசிய ஒருவர், ஒரே அலகு உள்ளதுதான் கத்தி, திருப்புளியும் கத்தரிக்கோலும் சேர்ந்து மடங்குகிற சாமான்களை வைத்திருப்பவர்களுக்குப் பேரவையில் என்ன வேலை என்று கேட்டுவிட்டார். "என்னுது கத்தி இல்லன்னு சொல்ல நீ யாருய்யா, காய்கறி நறுக்கி" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குப் பின்னாலேயே ஒரு நாற்காலியும் வந்தது. கால் மணி நேரத்தில் இரண்டு கழுத்தெலும்பு முறிந்தது. செயலாளரின் காதில் பாதி துணைச் செயலாளரின் வாயில் இருந்தது. ஒருவர் தலையில் ஒலிபெருக்கியைக் கவிழ்த்து மேலே ஏறி நின்றார்கள். அவர் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது. இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூடக் கத்தியை எடுக்கவில்லை. மடக்குக்கத்திக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள்.

மறுநாள் பேரவைத் தலைவர் ஆணையத்தோடு பேச்சு நடத்தி வெற்றியோடு திரும்பினார். வெற்றி இதுதான்: எந்த வேலைக்கும் பயன்படாத கத்திகளுக்குச் சோதனை வேண்டாம், வீட்டுக்கே உரிமம் வரும். வேலை செய்கிற கத்திகளை மட்டும் சோதித்தால் போதும். போராட்டம் அன்றோடு முடிந்தது.

பதிமூன்றாம் நாள் அக்காவும் தங்கையும் மாமாவும் ஆணையத்தின் வரிசையில் நின்றார்கள். முன்னாலும் பின்னாலும் இருநூறு பேர். வயர் வேலை செய்பவர்கள், தோட்டக்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள். அவரவர் கத்தியை அவரவர் ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். அதிகாரி கேட்கும்முன் பையைத் திறப்பது குற்றம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது.

வரிசையின் முனையில் ஒரு குமாஸ்தா. அவர்முன் விண்ணப்பப் படிவங்கள் கட்டாகக் கிடந்தன, சணல் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டபடி. ஆணையத்துக்குள் ஊழியர்கள் கூரான பொருள் எதையும் வைத்திருக்கக் கூடாது. குமாஸ்தா முடிச்சை நகத்தால் நிமிண்டினார். பல்லால் கடித்தார். சாவியால் குத்தினார். முக்கால் மணி நேரம் ஆனது. வரிசை ஓர் அடி நகரவில்லை. கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பொதுவாகக் கேட்டார்:

"ஒரு கத்தி இருந்தா நல்லா இருக்கும். யார்கிட்டயாவது கத்தி இருக்கா?"

கழுத்தில் கத்தியோடு நின்ற இருநூறு பேரும் கூரையில் ஏதோ பறவை இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள். மூத்தவள் தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாமாவைப் பிடிக்க அவளுக்கு இன்னொரு கை இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கிடங்கில் யார் "கத்தி இருக்கா" என்று கேட்டாலும் மாமாவின் கை தானாகப் போய் எடுத்துக் கொடுத்துவிடும். அவர் யோசிப்பதற்குள் கை யோசித்துவிட்டது. கால் மேசைக்கு நடந்தது, பை திறந்தது, கட்டைவிரல் தள்ளியது, கயிறு அறுந்தது, தொடையில் வைத்து மடக்கிப் பையில் போட்டார். படிவக் கட்டைப் பணிவாகக் குமாஸ்தா பக்கம் நகர்த்தினார்.

"ரொம்ப நன்றிங்க," என்று சொல்லிவிட்டுக் குமாஸ்தா மேசை மணியை அடித்தார்.

நான்கு காவலர்கள் வந்து மாமாவைப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போனார்கள். கதவு சரியாக மூடாத கதவு. முதலில் மாமா தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வது கேட்டது, பிறகு அடி விழுவது கேட்டது, அதற்கப்புறம் அடி மட்டும் கேட்டது. வெளியே குமாஸ்தா ஆளுக்கொரு படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவரு உங்களுக்கு உதவிதானே பண்ணினாரு?" என்றாள் மூத்தவள்.

"அதாம்மா எனக்கும் கஷ்டமா இருக்கு. நல்ல மனுஷன். ஆனா பாரு, கேட்டதும் எடுத்துட்டாரு. கேட்டவன் கெட்டவனா இருந்திருந்தா?"

"கேட்டது நீங்கதானே சார்?"

"ஆமா. என்னப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார் குமாஸ்தா. "அடுத்த ஆள் வாங்க."

மாமாவைப் பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றினார்கள். அவருடைய வலது கைவிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டிக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சோதனை அறையில் சோதனை அதிகாரி இருந்தார். அவருடைய இடது கை சாதாரணக் கை. வலது கை மட்டும் தொடை பருமன். கத்தியை மடக்கிய நிலையில் பிடித்துப் பத்து முறை பலம்கொண்ட மட்டும் உதற வேண்டும். தானாக விரிந்தால் அது பாயும் கத்தி. இதுதான் சோதனை. வேலைக்குச் சேரும்போது பத்தில் ஒன்றுதான் விரிந்ததாம். இப்போது கை பழகிவிட்டது, எல்லாம் விரிகிறது. அவருடைய உதவியாளருக்குக் காதில் கட்டு. பியூனுக்கு ஒரு கண்ணில் கட்டு. அவர்களுக்குப் பின்னாலிருந்த சுவர் கொத்திப்போட்ட இறைச்சிக் கட்டைபோல இருந்தது.

"இந்த ரூம்ல மட்டும் இதுவரைக்கும் அறுபத்திரெண்டு காயம்," என்றார் அதிகாரி பெருமையும் வருத்தமுமாக. "மடக்குக்கத்தி எவ்வளவு ஆபத்துன்னு வெளிய ஒருத்தனுக்கும் புரியல."

"நீங்க வீசாம இருந்தா காயமே வராதே சார்," என்றாள் தங்கை.

"வீசாம எப்படிம்மா ஆபத்து தெரியும்?"

மூத்தவளின் கத்தி ஆறு உதறலுக்குத் தாக்குப்பிடித்தது. ஏழாவதில் விரிந்து, அதிகாரியின் பிடியிலிருந்து வழுக்கிப் பறந்து, பியூனின் தொடையில் போய் நின்றது. அனுபவஸ்தரான பியூன் சத்தம் போடாமல் தரையில் உட்கார்ந்து, தானே பிடுங்கி, சட்டையில் துடைத்துக் கொடுத்தார். அதிகாரி பதிவேட்டில் "பாய்ந்தது" என்று எழுதினார். அறுபத்திரண்டை அடித்து அறுபத்துமூன்று ஆக்கினார்.

"பறிமுதல் பண்ணணும். இல்லன்னா மழுங்கல் உரிமம் வாங்கிக்க. அடுத்த ரூம்ல சக்கரம் இருக்கு. முனையையும் கூரையும் தேச்சு எடுத்துட்டு, பித்தளை முத்திரை அடிச்சுத் தருவாங்க."

"அறுக்காத கத்திய வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?"

"பத்திரமா வச்சுக்க. யாருக்கும் ஆபத்து இல்ல பாரு."

இருவரும் வாங்கிக்கொண்டார்கள். வாங்காமல் என்ன செய்வது? சக்கரத்தில் தேய்த்து முடித்தபோது மூத்தவளின் கத்தி ஒரு கரண்டிக்காம்பைப் போல இருந்தது.

முதலாளிக்கு ஏகத் திருப்தி. உரிமங்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். பட்டன் அறுக்க வழியில்லாததால் துணியை அப்படியே பெல்ட்டில் போடச் சொன்னார். மெஷின் பட்டன்களையும் ஜிப் பல்லையும் தோட்டா மாதிரித் துப்பியது. ஒருத்திக்குக் கன்னத்தில் பித்தளைப் பட்டன் புதைந்தது. இன்னொருத்திக்கு முன்பல் போனது. முதலாளி உடனே நடவடிக்கை எடுத்து, தன் அறைக்கு இரட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் ஒரு மழைக்கோட்டு வந்தது. தடித்த ரெக்சின். அதன் கை தங்கையின் வலது மணிக்கட்டைச் சுற்றி இறுக்கியது. பெல்ட் அவளை இழுத்துக்கொண்டு கிளம்பியது. மூத்தவள் கண்ணாடி அறையைப் பார்த்துக் கத்தினாள். இரட்டைக் கண்ணாடி என்பதால் முதலாளிக்குக் கேட்கவில்லை. அவர் போனில் பேசிக்கொண்டே, என்ன என்பதுபோலக் கையை விரித்தார்.

மூத்தவள் இடுப்புக் கத்தியை விரித்தாள். ஓடிக்கொண்டே ரெக்சினில் வைத்து அறுத்தாள். வழக்கமாக இந்த நேரத்தில் எண்ணுவாள், கை பதறாமல் இருக்க. எண்ணினாள். பத்து வந்தது. கத்தி வழுக்கியது. இருபது வந்தது. தங்கை, "அறுக்கா, சீக்கிரம் அறுக்கா" என்றாள், ஏதோ பின்னலை அவிழ்க்கச் சொல்வதுபோல. முப்பது வந்தபோது மெஷின் வாய்க்கும் விரல்களுக்கும் ஒரு முழம்தான் இருந்தது. ரெக்சினில் ஒரு கீறல்கூட விழவில்லை. பித்தளை முத்திரை மட்டும் கழன்று விழுந்தது.

சுவரில் சிவப்புப் பெட்டிக்குள் தீயணைப்புக் கோடாரி இருந்தது. கோடாரி மடங்காது. அதற்குச் சோதனை இல்லை, சக்கரம் இல்லை, தீட்டிய கூர் அப்படியே பளபளத்தது. ஆனால் துணிக்கும் தோலுக்கும் நடுவில் நுழைகிற நாசூக்கு கோடாரிக்குத் தெரியாது. அதற்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். மூத்தவள் தங்கையின் முகத்தைப் பார்க்காமல், முழங்கைக்கு நான்கு விரல் கீழே பார்த்து ஓங்கினாள். ஒரே வெட்டில் முடியவில்லை.

கண்ணாடியில் சிவப்பாக ஏதோ தெறித்ததைக் கண்டு முதலாளி சுவிட்சை அணைத்தார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஆணையத் தலைவரே வந்தார். கூடவே சோதனை அதிகாரி, புகைப்படக்காரர், இரண்டு காவலர்கள். தங்கை கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். சோதனை அதிகாரி கோப்பைத் திறந்தார்.

"எந்த ஆயுதம்?"

"கோடாரி," என்றாள் மூத்தவள்.

"மடங்குமா?"

"மடங்காது."

அதிகாரி நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப பிரச்சினை இல்ல. மடக்குக்கத்திய வெளிய எடுக்கலன்னு ஒரு வரி எழுதிக்கிறேன். எடுத்தேன்னு சொன்னா, வச்சிருக்க மட்டும்தான் உரிமம், அனுமதி இல்லாம விரிச்ச குற்றம். மூணு வருஷம்."

"எடுக்கலன்னு சொல்லுக்கா," என்றாள் தங்கை. "நீ உள்ள போயிட்டா எனக்கு யாரு தலை பின்னி விடுவா?"

மூத்தவள் அவளைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே தட்டையாகக் கிடந்த போர்வையைப் பார்த்தாள்.

"எடுத்தேன். முப்பது எண்ணுற நேரம் அறுத்தேன். அறுக்கல. கூர் இருந்திருந்தா அஞ்சுல அறுத்திருப்பேன். அப்படியே எழுதுங்க."

அதிகாரியின் பேனா நின்றது. தலைவரின் முகமோ விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது.

"எழுதுய்யா, எழுது. ஏன் நிறுத்துற? ஒரு பெண், அதுவும் வெறி பிடிச்ச நிலையில, மடக்குக்கத்திய விரிச்சு முப்பது எண்ணுற நேரம் முழு பலத்தோட அறுத்திருக்கு. ஒரு நூல் அறுபடல. இதுக்கு மேல ஆணையத்துக்கு என்னய்யா வெற்றி வேணும்? ஆண்டறிக்கைல முதல் பக்கம் இதுதான்." பிறகு மூத்தவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "விரிச்ச குற்றத்த நான் மன்னிச்சுட்டேம்மா. நீ எங்களுக்குப் பெரிய சாட்சி. ஒரு போட்டோ எடுத்துக்குவோம்."

அவர் முதலில் தங்கைக்குக் கை நீட்டினார். குலுக்க அங்கே கை இல்லை என்பது புரிய ஒரு விநாடி ஆனது. நீட்டிய கையைத் தடுமாறாமல் அப்படியே மூத்தவள் பக்கம் திருப்பிக்கொண்டார். பல வருட மேடைப் பழக்கம். புகைப்படக்காரர் தயாரானார்.

மூத்தவள் அந்தக் கையைப் பிடித்தாள். நாளொன்றுக்கு எண்ணூறு உருப்படி, பதினாறு வருடம் அறுத்த பிடி. விரல்களிலிருந்து மெல்ல மேலே நகர்ந்து மணிக்கட்டைச் சுற்றி இறுக்கியது.

"ஒண்ணு," என்றாள்.

தலைவர் படத்துக்குச் சிரித்தார். "ரெண்டு. மூணு." படம் எடுத்தாகிவிட்டது. "போதும்மா, விடு," என்றார். ஆறில் சிரிப்பு நின்றது. எட்டில், "என்னய்யா பார்த்துட்டு நிக்கிறீங்க" என்று காவலர்களைப் பார்த்து அலறினார். அவர்கள் மூத்தவளின் முதுகில் லத்தியால் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவள் ஓர் எண் சொன்னாள். பதினொன்றில் மணிக்கட்டுக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. தலைவர் முழங்காலிட்டார். சோதனை அதிகாரி எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் கோப்பைப் புரட்டினார். புகைப்படக்காரர் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். மூத்தவளின் காதோரம் ரத்தம் இறங்கியது. பிடி இறங்கவில்லை.

"அக்கா," என்றாள் தங்கை கட்டிலிலிருந்து. "விடுக்கா. முப்பது எப்பவோ ஆயிருச்சு."

"இல்லடி," என்றாள் மூத்தவள். "நான் மெதுவா எண்ணுறேன்."